தட்டில் தெரிந்த வளையம்

கண்ணாடிப் பாத்திரம் கழுவுவதில் எல்லம்மாவைப் போல இன்னொருவரை நான் பார்த்ததில்லை. அவர் கழுவிய குடுவையைக் கவிழ்த்தால் உள்ளே ஒரு துளிகூட ஒட்டி நிற்காது. தண்ணீர் ஒரே படலமாக வழிந்து இறங்கிவிடும். சுத்தமான கண்ணாடிக்கு அதுதான் அடையாளம். புதிதாகச் சேரும் பிள்ளைகளை அழைத்துப் போய் அதை நான் காட்டுவதுண்டு.

நீங்கள் கேட்டபடி முதலிலிருந்தே சொல்கிறேன், மேடம். போலீஸ்காரர்களிடம் பேசி எனக்குப் பழக்கமில்லை. கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பம் மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்த குடும்பம். யாரும் ஸ்டேஷன் படி மிதித்ததில்லை. என் பெயர் ஆராவமுதன். வயது ஐம்பத்து நான்கு. பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பயோடெக் கம்பெனியில் ஆய்வகப் பொறுப்பாளர். எல்லம்மா அங்கே ஒன்பது வருடமாகக் கண்ணாடி கழுவினார். நீலசந்திராவிலிருந்து பஸ் பிடித்து மெஜஸ்டிக் வந்து, அங்கிருந்து மெட்ரோ ஏறி, எங்களுக்கெல்லாம் முன்பே வந்துவிடுவார்.

எங்கள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால்தான் மற்றது விளங்கும். பாக்டீரியாவுக்குள் அதன் சொந்த மரபணுக்கள் போக, தனியாக ஒரு சின்ன டி.என்.ஏ. வளையம் இருக்கலாம். அதைப் பிளாஸ்மிட் என்போம். நமக்கு வேண்டிய மரபணுவை அந்த வளையத்தில் செருகி பாக்டீரியாவிடம் கொடுத்தால், அது நமக்கு இன்சுலின் செய்து தரும். இவ்வளவு உபகாரமான பொருளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் ஆன்டிபயாடிக் மருந்துகளை முறியடிக்கும் மரபணுக்களும் அதே மாதிரி வளையங்களில் ஏறித்தான் ஊர் சுற்றுகின்றன. ஒரு கிருமி இன்னொரு கிருமியைத் தொட்டு, வளையத்தின் நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டியதுகூட இல்லை. இந்தக் கைமாற்றத்தைத் தடுக்க ஒரு மருந்தைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். அதற்காக ஆஸ்பத்திரிக் கழிவுநீரில் கிடைத்த கிருமிகளை வளர்த்தோம். நல்ல காரியம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். வாயு சிலிண்டரை மூன்று தடவை திருகிப் பார்ப்பேன். பயப்படுகிறவன்தான் ஆய்வகத்துக்கு நல்லது என்று சொல்லித்தான் என்னைப் பொறுப்பில் போட்டார்கள்.

கிருமி வளர்த்த பாத்திரம் எதுவானாலும் முதலில் ஆட்டோகிளேவில் போக வேண்டும். பெரிய பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நீராவியில் எல்லாம் செத்த பிறகுதான் பாத்திரம் எல்லம்மாவின் தொட்டிக்குப் போகும். மார்ச் மாதம் அதன் கதவு ரப்பர் கருகிவிட்டது. புது ரப்பர் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். டெல்லியிலிருந்து மதிப்பாய்வுக் குழு வர பன்னிரண்டு நாள்தான் இருந்தது. வேலையை நிறுத்தினால் காட்ட ஒன்றும் இருக்காது. ஆட்டோகிளேவ் பழுது என்று எழுதினால் வேலையை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

எனவே பாத்திரங்களை பிளீச்சில் ஊறப்போட்டேன். அதுவும் ஒரு வழிதான், ஒப்புக்கொள்ளப்பட்ட வழி. ஆனால் வீரியம் போய்விடும் என்பதால் ஒவ்வொரு நாளும் புதிதாகக் கலக்க வேண்டும். நான் கலக்கவில்லை, பிளீச் அதிகம் செலவானால் யாராவது ஏன் என்று கேட்பார்களே என்ற பயம். பதிவேட்டில் மட்டும் தினமும் எழுதினேன்: நூற்று இருபத்தொரு டிகிரி, இருபது நிமிடம், கையெழுத்து.

எல்லம்மாதான் முதலில் கவனித்தார்.

“இன்னா சார், இந்த வாரம் குக்கர் சத்தமே காணோம்?”

“புது வால்வு போட்டிருக்கோம் எல்லம்மா. இனிமே சத்தம் வராது.”

“அப்பாடா, நல்லதாப் போச்சு. அது கத்துறப்போல்லாம் எனக்குத் தல வலிக்கும் சார்.”

ஒரு செவ்வாய்க்கிழமை, வாய் உடைந்த குடுவை ஒன்று அவருடைய வலது கையைக் கிழித்துவிட்டது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். அவர் குழாயில் காட்டிக் கழுவிவிட்டு, துணியைச் சுற்றிக்கொண்டு மிச்சப் பாத்திரத்தையும் முடித்தார். எனக்குத் தெரிந்தது புதன்கிழமை காலையில்தான். கை முழங்கை வரை வீங்கியிருந்தது.

“தீ வெச்ச மாதிரி எரியுது சார். பேஜாராக்கீது.”

முதலுதவிப் பெட்டியை எடுத்து நானே கட்டுப் போட்டேன். அவருக்கு ஒரே கூச்சம். “நீங்க போயி என் கையைத் தொட்டுக்கினு... விடுங்க சார், ஷில்பா பாத்துக்கும்” என்றார். ஷில்பா அவருடைய மகள், கார்மென்ட்ஸில் தையல் வேலை. நான் விடவில்லை. அக்கறைதான், பொய் இல்லை. ஆனால் சீழ் துடைத்த பஞ்சைக் குப்பையில் போடாமல் ஒரு குழாயில் போட்டு வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவருக்குக் காய்ச்சல் ஏறி, எங்கள் கம்பெனி வழக்கமாக அனுப்பும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வெள்ளிக்கிழமை காலை, அந்தப் பஞ்சிலிருந்து எடுத்த கிருமியை வளர்த்த சோதனைத் தட்டைப் பார்த்தேன்.

அந்தச் சோதனை எளிமையானது. கண்ணாடித் தட்டில் கிருமியைப் பரப்பி, அதன்மேல் மருந்து தோய்த்த சின்னச் சின்னக் காகித வட்டங்களை வைப்போம். மருந்து கேட்டால் வட்டத்தைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்த வளையம் தெரியும். பத்து வட்டம் வைத்திருந்தேன். ஒன்பதைச் சுற்றிக் கிருமி கம்பளம் மாதிரி, ஒட்டினாற்போல வளர்ந்திருந்தது. எங்கள் குடுவையில் இருந்த அதே கிருமி, அதே பிளாஸ்மிட். பத்தாவது வட்டத்தைச் சுற்றி மட்டும் கட்டை விரல் அகலத்துக்கு வளையம். அது ஒரு பழைய மருந்து. இப்போது யாரும் அதிகம் எழுதுவதில்லை.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.  

அன்று சாயங்காலம் மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் டேரில் கன்டோன்மென்ட் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். என்னைத் தனியே அழைத்துப் போய்க் கேட்டார்.

“சார், இவங்க லேப்ல கிருமி கல்ச்சர் ஏதாவது ஹேண்டில் பண்றாங்களா? ஓப்பனா சொல்லுங்க. ட்ரீட்மென்ட்டுக்காகத்தான் கேக்கறேன்.”

“கிளாஸ் கழுவற வேலைதான் டாக்டர். எல்லாம் ஸ்டெரிலைஸ் ஆனப்புறம்தான் அவங்க கைக்கே வரும். பதிவேடு இருக்கு, வேணும்னா அனுப்பறேன்.”

மறுநாள் நகல் எடுத்து அனுப்பியும் வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு மருந்து போட்டார்கள், இரண்டு நாள் பார்த்தார்கள், அடுத்ததற்கு மாற்றினார்கள். திங்கட்கிழமை அவர்களுடைய சோதனை முடிவு வந்தது. டேரில் காகிதத்தை என்னிடமே நீட்டினார். “எங்க லிஸ்ட்ல இருக்கறது எல்லாமே ரெசிஸ்டன்ட், ஒண்ணும் கேக்காது. பெரிய லேபுக்கு அனுப்பியிருக்கோம். நாலஞ்சு நாள் ஆகும். அதுவரைக்கும் தாங்கணும்.” அவர்கள் பட்டியலில் அந்தப் பழைய மருந்து இல்லை. நான் காகிதத்தை முழுதும் படித்துவிட்டு, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

நான் எதுவும் செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மருந்தின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் இடது கையால் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். டேரிலின் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று. மூன்று தடவை அந்த அறைக்குள் போனேன். ஒவ்வொரு தடவையும் அவர் தலை நிமிர்ந்து, “சொல்லுங்க சார்” என்றார். ஒவ்வொரு தடவையும் “எப்படி இருக்காங்க?” என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி, எப்படித் தெரியும் என்பது. அந்தக் கேள்விக்கு விடை தட்டு. தட்டுக்குப் பின்னால் பதிவேடு. பதிவேட்டில் பத்தொன்பது கையெழுத்து.

செவ்வாய்க்கிழமை மணிக்கட்டுக்கு மேலே கையை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் எல்லம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். “இனிமே ஒத்தக் கையில எப்டி சார் கழுவுறது? வேற ஆள் போட்டுடாதீங்க.” போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இன்றுவரை போடவில்லை.

வெளியே வராந்தாவில் ஷில்பா என் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றாள்.

“சார், நீங்க படிச்சவங்க. டாக்டர் சொல்றது எதுவும் எங்களுக்கு வெளங்கல. வேற ஏதாச்சும் மருந்து இருந்தா பேரு மட்டும் சொல்லுங்க. எங்கக் கெடைக்கும்னாலும் நான் போயி வாங்கியாரேன்.”

காகிதம் என் பையில்தான் இருந்தது. சட்டைத் துணி வழியாக அது நெஞ்சில் உரசுவது தெரிந்தது.

“டாக்டர் பார்த்துப்பார்மா. நீ தைரியமா இரு” என்றேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பது நியாயம். எங்கள் ஆராய்ச்சி வெற்றி பெற்றால் எல்லம்மாவைப் போல லட்சக்கணக்கான பேர் பிழைப்பார்கள். நான் வாயைத் திறந்தால் ஆய்வகத்துக்குப் பூட்டு விழும். இதையெல்லாம் நிதானமாக யோசித்தேன். பயத்தில் செய்ததாக நினைக்க வேண்டாம். பயம் இருந்தது, ஆனால் முடிவை எடுத்தது அது இல்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் எல்லம்மா இறந்துபோனார். நான் தட்டைப் பார்த்து எட்டு நாள் ஆகியிருந்தது. நீலசந்திராவில் அவரை எடுத்துக்கொண்டு போனபோது கம்பெனி சார்பில் மாலை வைத்தது நான்தான். அன்று மத்தியானம் பெரிய லேபிலிருந்து முடிவு வந்ததாக டேரில் போனில் சொன்னார். ஒரே ஒரு மருந்துக்குக் கேட்கிறதாம். அஞ்சாறு நாள் முன்னால் தெரிந்திருந்தால் கையைக்கூட எடுத்திருக்க வேண்டாம் என்றார்.  நான்தான் அவரைத் தேற்றினேன்.

அதற்குப் பிறகு எனக்கு வந்த பயம் வேறு மாதிரி. பத்தொன்பது நாள் பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே போயிருக்கும்? தொட்டியிலிருந்து குழாய், குழாயிலிருந்து பீன்யாச் சாக்கடை. அங்கே எத்தனை கோடிக் கிருமிகள். அந்த வளையம் எதன் கையிலிருந்து எதன் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது, எந்த ஏரியில், எந்தக் கீரைப் பாத்தியில், எனக்குத் தெரியாது. மார்க்கெட்டில் கொத்தமல்லி வாங்க என் மனைவி ராஜலக்ஷ்மியை நான் விடுவதில்லை. ஏன் என்று கேட்டாள். விலை ஜாஸ்தி என்றேன்.

தட்டு மட்டும் மிச்சம் இருந்தது. அதற்குள் ஆட்டோகிளேவ் சரியாகிவிட்டது, குழுவும் வந்து பாராட்டிவிட்டுப் போய்விட்டது. தட்டை ஆட்டோகிளேவில் போட்டிருக்கலாம். ஆனால் பதிவேட்டில் ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டும். ஸ்டோர் ரூமில் செய்தித்தாளில் சுற்றி, செருப்புக் காலால் மிதித்து நொறுக்கினேன். பொட்டலத்தை எடுக்கும்போது ஒரு சில்லு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து விரலில் குத்தியது. ஊசி முனை அளவுதான். ரத்தம்கூடச் சரியாக வரவில்லை.

இரண்டாம் நாள் மதியம் ஆய்வகத்தில் எனக்குக் குளிர் கண்டது. விரலிலிருந்து ஒரு சிவப்புக் கோடு முழங்கையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. கூட வேலை செய்கிறவர்கள்தான் காரில் போட்டு இங்கே கொண்டுவந்தார்கள். டேரில்தான் டியூட்டியில் இருந்தார். அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டேன். அளவும் சொன்னேன்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். “இது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“முதல்ல போடுங்க டாக்டர். அப்புறம் சொல்றேன்.”

அவர் போட்டார். நல்ல மனிதர்.  பிறகு வெளியே போய் உங்களுக்குப் போன் செய்திருக்கிறார். அது அவர் கடமை. ஆனால் இதை நானாகவே முன்வந்து சொன்னதாக எழுதிக்கொள்ளுங்கள். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. மனசாட்சி உறுத்தித்தான் சொன்னேன்.

மருந்து நன்றாக வேலை செய்கிறது, மேடம். காய்ச்சல் நேற்றே இறங்கிவிட்டது. கோடு மணிக்கட்டுக்குக் கீழே வந்துவிட்டது, பாருங்கள். எட்டு நாள் முழுக்க ஒன்றும் சொல்லாமல் இருந்தது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொன்னால் போட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. வாசலில் ஷில்பா நிற்கிறாள் என்று நர்ஸ் சொன்னாள். அவள் உள்ளே வருவதற்கு முன்னால், தலைக்குமேல் தொங்குகிற இந்தப் பாட்டிலைக் கொஞ்சம் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். பெயரைப் படித்தால் பாவம், அந்தப் பெண் மனசு கஷ்டப்படும்.