சைவக்கடைக் கிடாரம்

ஞானாம்பிகை: ஐயோ, அந்தக் கிடாரத்து மூடியிலை கை வையாதேங்கோ, சுகாதாரப் பரிசோதகர் ஐயா! கொதிதண்ணி.

கனிசியஸ்: அடுப்பிலை நெருப்பைக் காணேல்லையே, அக்கா?

ஞானாம்பிகை: இப்ப… இப்பத்தான் இறக்கினனான். நீங்கள் முதல் குளோரின் போட்ட கிணத்துத் தண்ணியைப் பாருங்கோ. வயித்தோட்டம் பரவுதெண்டு கடையைப் பூட்டுவிச்சனீங்கள். அச்சுவேலிச் சந்தைச் சனமெல்லாம் இப்ப முன்கடையிலை இளநி குடிக்குது. நாளைக்காவது திறக்க விடுங்கோ.

கனிசியஸ்: பொறுங்கோ… இந்தக் குழாய்க்கை கொஞ்சம் தண்ணி. இனிச் சோதிக்கிற மருந்து, ரெண்டு சொட்டு. நிறம் மாறுதே?

ஞானாம்பிகை: மஞ்சளாய் வருது. கூடாதோ?

கனிசியஸ்: அருமையெல்லோ! குளோரின் கிருமியைச் சாக்காட்டிப்போட்டு, மிச்சமும் காவலுக்கு நிக்குது. நிறம் வராட்டி எல்லாம் செலவழிஞ்சு போச்செண்டு அர்த்தம்.

ஞானாம்பிகை: அப்ப திறக்கலாம்!

கனிசியஸ்: எங்கை அவசரம்? குளோரின் ஒருநாள் குறைஞ்சாலும் கொதிக்க வைச்ச தண்ணி காப்பாத்தும். அதுதான் கிடாரமும் வேணும். கோப்பையளை…

ஞானாம்பிகை: சாம்பல் போட்டு உரஞ்சி, கொதிதண்ணியிலை தோய்க்கவேணும். பாடமாக்கிப் போட்டன். இந்தப் பொருளாதாரத் தடைக்கை சவர்க்காரத்துக்கு எங்கை போறது? பின்னடுப்பிலை கேத்தில் கொதிக்குது, ஒரு தேத்தண்ணி குடியுங்கோவன்.

கனிசியஸ்: வேண்டாம், இப்பத்தான் குடிச்சனான்.

ஞானாம்பிகை: போனமுறையும் உதைத்தான் சொன்னனீங்கள்.

கனிசியஸ்: அது… ஓ, கிணத்திலை ஒரு மீன் நிண்டதே? காணேல்லை.

ஞானாம்பிகை: உங்கடை மருந்துக்குச் செத்துப்போச்சு.

கனிசியஸ்: செத்தால் மிதக்கும்.

ஞானாம்பிகை: காகம் தூக்கிக்கொண்டு போச்சு.

கனிசியஸ்: கிணத்துக்கை இறங்கியோ? …உதென்ன, கிடாரத்துக்கை சளக் எண்டு?

ஞானாம்பிகை: தண்ணி… ஆறுது.

கனிசியஸ்: ஆறேக்கை வாலடிக்குமோ? விலகுங்கோ… அக்கா! சைவக்கடைக் கிடாரத்துக்கை மீனோ!

ஞானாம்பிகை: மெல்லக் கதையுங்கோ, ஐயா! குளோரின் போட முதல் பிடிச்சு இதுக்கை விட்டனான். வேறை பெரிய ஏனம் இல்லை.

கனிசியஸ்: குளத்திலை விட்டிருக்கலாமே?

ஞானாம்பிகை: விட்டால் ஆர் வருவினம் என்ரை கடைக்கு? வாறவை முதல் கிணத்தைத்தான் எட்டிப் பாப்பினம். மீன் ஓடித் திரிஞ்சால் தண்ணி நல்லதெண்டு வந்து இருப்பினம். உங்கடை அனுமதித் துண்டை ஆர் வாசிக்கிறது? மருந்து மணம் போனதும் திருப்பி விடுவமெண்டு…

கனிசியஸ்: தண்ணியிலை நஞ்சு கலந்தால் மீன் காட்டிக் குடுக்கும். வயித்தோட்டக் கிருமி அப்பிடியில்லை. அது மனிசற்றை குடலுக்கைதான் வேலை செய்யும், மீனுக்கு ஒண்டும் செய்யாது. சனம் வயித்தாலை போகேக்கை உந்த மீன் எப்பிடி இருந்தது?

ஞானாம்பிகை: …கொழுத்துப் போய் இருந்தது.

கனிசியஸ்: பாத்தியளே!

ஞானாம்பிகை: மீன்பிடிக்கிற குருநகரிலை பிறந்த உங்களோடை மீனைப்பற்றிக் கதைச்சு வெல்லேலுமோ? சரி, குளத்திலை விடுறன். ஆனால் இனிச் சனம் எதைப் பாத்து நம்பும்?

கனிசியஸ்: நான் சோதிச்சு, நம்பித் திறக்கவிட்டனான் எண்டு சொல்லுங்கோ.

ஞானாம்பிகை: நீங்கள் நம்பிறியளோ?

கனிசியஸ்: பின்னை?

ஞானாம்பிகை: அப்ப சைக்கிள் பையுக்கை ஒரு சுடுதண்ணிப் போத்தில் இருக்கே. அது என்ன?

கனிசியஸ்: அது… சோதிக்கிற மருந்து.

ஞானாம்பிகை: ஆவி பறக்கிற மருந்தோ? போனமுறை புளியமரத்துக்குக் கீழை நிண்டு குடிச்சதைக் கண்டனான், ஐயா.

கனிசியஸ்: …வீட்டுத் தேத்தண்ணி, அக்கா. இந்த வயித்தோட்டம் துவங்கினாப் பிறகு ஒரு கடையிலையும் நான் வாய் வைக்கேல்லை. திறக்கலாமெண்டு நானே துண்டு குடுத்த கடையளிலையும்தான். …கிடாரத்தை நல்லாய் உரஞ்சிக் கழுவிக் கொதிக்க வையுங்கோ. நாளைக்குச் சந்தை கூடேக்கை கடை முன்வாங்கிலை உங்கடை தேத்தண்ணிக் கோப்பையோடை இருக்கிறன். சனம் என்னை எட்டிப் பாக்கட்டும்.