புள்ளி வைக்காத ‘ம்’

துயரத்தையும் சுமந்து தலைமையையும் சுமந்து நிற்கும் அவைத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் கண்கலங்கி அமர்ந்திருக்கும் பெரியோர்களே! என் தங்கையைத் தாம் பெற்ற மகளாகவே எண்ணி வந்திருக்கும் தாய்மார்களே! அவளோடு ஒரே அறையில் கண் வலிக்க வலிக்க எழுத்து வரைந்த தோழர்களே! உங்களுக்குச் சொல்ல வேண்டிய முதல் சொல்லைக் கடைசியில் சொல்கிறேன். காரணம் இருக்கிறது.

என்ன அங்கே சலசலப்பு? “பின்னாடி பேனர்ல தப்பு இருக்கு” என்கிறீர்களா? இருக்கிறது ஐயா, இருக்கிறது! அவள் படத்தின் கீழே ‘அமமா’ என்றுதான் இருக்கிறது. அச்சகத்தாரைத் திட்டாதீர்கள். அதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

கணினிக்கு எழுத்துரு செய்வது என்றால் ஓர் எழுத்தை வரைவதா? இல்லை! ஒரே எழுத்தை மெல்லியதாய், நடுத்தரமாய், தடித்ததாய் மூன்று உடலில் வாழவைப்பது! ஒன்றில் கை வைத்தால் மற்றவை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பதினெட்டு மெய்யெழுத்துக்கும் புள்ளியை நகலெடுத்து ஒட்டினார் நம் தோழர் ஒருவர். புள்ளி சிறிதாய்ப் போனது என்று தெரிந்த அன்று ஒவ்வொன்றாய் மாற்ற அவர் பட்ட பாடு, அப்பப்பா! சிரிக்காதீர்கள், இங்கேதான் இருக்கிறார். அன்று என் தங்கை சொன்னாள்: “புள்ளிய ஒரு தடவை வரைங்க. பதினெட்டும் அதோட இணைஞ்சு நிக்கட்டும். அத மாத்தினா எல்லாமே மாறிடும்.” அதுதான் அவள் வேலை செய்த முறை.

தடித்த ‘ம்’ மட்டும் அவள் மனத்துக்கு ஒப்பவில்லை. புள்ளி ஒரு பக்கம் சாய்ந்து தெரிந்தது. அந்த ஒன்றுக்கு மட்டும் இணைப்பை அறுத்தாள்; புள்ளியை எடுத்துவிட்டாள். “நாளைக்கு வந்து கையால வைக்கிறேண்ணா” என்றாள். நாளை வந்தது. அவள் வந்தாளா? மருத்துவமனைக்குப் போனவள் திரும்பி வந்தாளா?

பேனருக்கு வேறு எழுத்துரு கிடைக்காமலா? “அம்மாவ அம்மா எழுத்துலதான் எழுதுவேன் மாமா” என்று நின்றாள் அவள் மகள். எழுதினாள். தடித்த எழுத்தில் ‘அமமா’ என்று வந்தது. பார்த்துவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். அதையே அச்சுக்குக் கொடுத்தோம்.

ஒரு நொடி வேலைதானே, வைத்துவிடலாமே என்று அவள் கணவரிடம் கேட்டேன். அவள் எழுத்துருக் கோப்பில் கை வைக்கவே கூடாது என்றார். ஏன் மாப்பிள்ளை என்றேன்.

“வெச்சிட்டா அவ வேலை முடிஞ்சிடும்ல மச்சான்?” என்றார்.

ஊரே வாயாடி என்று சொல்லும் நான் இன்று இங்கேயே கேட்டுவிடுகிறேன். மாப்பிள்ளை, அவள் வேலை முடியக் கூடாது என்பது உங்கள் அன்பு. அதற்காக, உங்கள் மகள் ‘அம்மா’ என்று எழுதும்போதெல்லாம் இதையா பார்க்க வேண்டும்? என் தங்கை கேட்டது சாயாத புள்ளியையா, இல்லாத புள்ளியையா?

தலையாட்டுகிறீர்களா? இல்லை, குனிந்துகொண்டீர்கள். சரி. அழுங்கள், மாப்பிள்ளை. நாங்கள் காத்திருக்கிறோம்.

வந்தவர்களுக்கும் உடன் அழுதவர்களுக்கும் நன்றி. முதலில் சொல்லாமல் வைத்திருந்த சொல்லின் கடைசி எழுத்தும் அந்த ‘ம்’தான். அவளுடைய தடித்த எழுத்தில் அதை என்னால் எழுத முடியாது. வாயாலாவது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

வணக்கம்.