வலது கெண்டைக்கால்

– நோட்ட மூடி வை மெல்வினு. கடை தெறந்து பத்து நிமிஷம் ஆகல, அதுக்குள்ள படிக்க ஒக்காந்துட்ட.

– மூடறன் தங்கதுரைண்ணா. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். முந்தாநாள் நான் மசாஜ் பண்ணனே, லாரி டிரைவர் சென்னப்பன், பேரிகை ஊர்க்காரரு. அவரு காலு ஞாபகம் இருக்குதா?

– தெனம் இருவது காலு பாக்கறன். எவன் காலுன்னு ஞாபகம் வெச்சிக்கிறது?

– வலது கெண்டைக்கால். தக்காளி லோடு எறக்கிட்டு மூணு நாளு ஒக்காந்த வாக்குல ஓட்டிட்டு வந்திருந்தாரு. அந்த ஒரு காலு மட்டும் வீங்கிக் கெடந்துச்சு. தொட்டா சுட்டுச்சு.

– சதை புடிச்சிருக்கும்டா. கல்லாட்டம் இருந்தா எண்ணெயச் சூடு பண்ணி ஊத்தி, கட்டைவெரல வெச்சி ஒடைக்கணும். நம்ம கடைல எல்லாரும் அப்படித்தான பண்றம்?

– அதேதாண்ணா நானும் பண்ணன். வலிக்குதுன்னாரு. இன்னும் அழுத்தினன். நேத்து சாயங்காலம் மசாஜ் வகுப்புல சார் சொல்றாரு, ஒரு காலு மட்டும் வீங்கிச் சுட்டா தொடவே கூடாதாம். உள்ள ரத்தம் கட்டியிருக்குமாம். அழுத்தினா அது பிச்சிக்கிட்டு நேரா நுரையீரலுக்குப் போயிடுமாம்.

– ஆமா, மூக்கண்டப்பள்ளில பஸ் ஏறிப் போவுது! உங்க சாரு பெங்களூர்க்காரரு, பாதி கன்னடத்துல பேசறாரு. நீ என்னாத்தப் புரிஞ்சிக்கிட்டியோ.

– எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துச்சு. அதான் வகுப்பு முடிஞ்சி நின்னு மூணு தடவ கேட்டன். தமிழ்ல ஒரு தடவ, கன்னடத்துல ஒரு தடவ, என் கால நீட்டிக் காட்டி ஒரு தடவ. மாத்திச் சொல்லலண்ணா.

– அப்பவே சொன்னன் உனக்கு. ஆறு மாசம் படிச்ச, சர்ட்டிபிகேட்ட செவுத்துல மாட்டியாச்சு. அதுக்கு மேல எதுக்குடா வகுப்பு? அங்க போனதுல இருந்து ஆளத் தொடறதுக்கு முன்னாடி போலீஸ்காரனாட்டம் விசாரிக்கிற.

– அந்த ஆறு மாசத்துல இத யாருமே சொல்லலியே. எங்க புடிச்சா என்ன வலி போவும்னு சொன்னாங்க. எங்க புடிக்கக் கூடாதுன்னு சொல்லல. இந்த வகுப்புல ஒரு மாசம் முன்னாடி சேந்திருந்தா அந்தக் கால நான் தொட்டிருக்க மாட்டன்.

– அட விடுறா. மூணு நாளு ஓட்டின களைப்பு, தூங்கி எழுந்தா சரியாப் போயிடும். போ, டவல மடிச்சி வை.

– மூச்சு வாங்குதா, நெஞ்சு வலிக்குதான்னு கேக்கச் சொன்னாரு சாரு. ரெண்டுல ஒண்ணு இருந்தாலும் ஒடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமாம். ரெஜிஸ்டர்ல நம்பர் இருக்குது. நான் கூப்புடறன்ணா.

– வேணாம்.

– என் மேல தப்புன்னு நானே சொல்லிக்கறன். உங்க பேரு வராது.

– பேர் பலகைல என் பேருதான்டா இருக்குது. மசாஜ் கடைன்னாலே இந்தத் தெரு ஒரு மாதிரி பாக்குது. இதுல நீ வேற போன் பண்ணி, நான் அழுத்துனது தப்புன்னு ஒப்பாரி வெச்சா, நாளைக்கு எவன் வருவான்?

– நான் தப்பாப் புரிஞ்சிருந்தா நாலு பேரு சிரிப்பாங்க, அவ்ளோதான். சரியாப் புரிஞ்சிருந்தா? ரிங் போவுதுண்ணா.

– வைடா போன!

– எடுக்க மாட்டேங்கறாரு. இன்னொரு தடவ பாக்கறன்.

– வைன்னு சொல்றன்ல. அவரு எடுக்க மாட்டாரு.

– எப்படித் தெரியும் உங்களுக்கு?

– விடிகாலைலயே அவரு பொண்ணு கூப்புட்டுச்சு. மூச்சு முட்டுதுன்னு ஆஸ்பத்திரில சேத்திருக்காங்களாம்.

– அண்ணா... கால் வெவரத்த டாக்டருகிட்ட சொன்னீங்களா?

– அந்த டாக்டரே போன வாங்கி, கால்ல எதாவது வீக்கம் பாத்தீங்களான்னு கேட்டாரு. நல்லாத்தான் இருந்துச்சு, நாங்க தோள்பட்டைய மட்டுந்தான் புடிச்சி விட்டம்னு சொல்லிட்டன்.