முதுகுவலி என்று சொன்ன பொய்

"நீ எனக்குத் துரோகம் பண்ணிட்டே, ஏழுமலை."

மதிய ஷிப்டுக்கு நிலக்கரி மைன்ஸ் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர் சொன்னார். அவர் பெயர் பக்கிரி. பக்கத்தில் இருந்த ஏழுமலை இரண்டு மாத லீவு முடிந்து அன்றுதான் வேலைக்கு வருகிறார்.

"முதுகுவலின்னு சொன்னே. இப்ப அது பொய்யின்னு சொல்றே. நானும் நம்பி முத்தாண்டிக்குப்பத்துலேர்ந்து எலும்பு வைத்தியரை உன் வூட்டுக்கு இட்டுக்கினு வந்தேன். மூணு நாளு உன் முதுவுல ஏறி மிதிச்சாரு. அப்பவும் வாயத் தொறக்கலியே நீ!"

"இன்னான்னு சொல்றது பக்கிரி? கரி ஓடுற பெல்ட்டுகிட்ட போனாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுது. தூக்கமே இல்ல. பயந்தாங்கொள்ளின்னு சொல்லுவீங்கன்னுதான் மிதி வாங்கிக்கினு கெடந்தேன்."

பின்னால் ஒரு மடையன் சிரித்தான். பக்கிரி திரும்பி முறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

"இப்போ எப்பிடி இருக்கு?"

"நம்ம கம்பெனி ஆஸ்பத்திரிக்கு வர்ற மனநல டாக்டர்கிட்ட போறேன். மாத்திரை தராரு, மனசுல இருக்கறதப் பேசச் சொல்றாரு. இப்ப தூங்கறேன்."

"எனக்கும் அதே படபடப்புதான்டா. ஒரு வருஷமா குடிச்சாத்தான் தூக்கம். நீ அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் உங்கூட வந்திருப்பேன்ல?"

ஏழுமலை அவர் காதருகே குனிந்து ஏதோ சொல்லப் போனார். பக்கிரி அவரைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"காதுல சொல்லாதே. இந்த பஸ்ஸுல இன்னும் எத்தினி பேரு முதுகுவலின்னு சொல்லிக்கினு இருக்காங்களோ. அந்த டாக்டரு என்னிக்கி வராரு, எந்த ரூமுல உக்கார்றாரு? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமா சொல்லு!"