மேடைக்கு வெளியே ஒரு சக்கரம்

— இதையும் நீங்களே வெச்சுக்கங்க, கடைக்காரரே. இதோட மூணாவது எடை மெஷின். மூணும் கூடிப் பேசி வெச்ச மாதிரி ஒரே பொய்யைச் சொல்லுது.

— அக்கா, மெதுவா, மெதுவா. மேஜை உடையப் போகுது. மொதல்ல உக்காருங்க. போன வாரம் கொண்டுபோனது கண்ணாடி மெஷின்தானே?

— கண்ணாடிதான். அதுக்கு முன்னாடி முள்ளு சுத்துறது. அதுக்கும் முன்னாடி, போன்ல எடை காட்டும், கொழுப்பு காட்டும், எலும்பு காட்டும்னு ஒண்ணைத் தலையில கட்டினீங்க. எனக்கு எலும்பு எதுக்குங்க? எடையை ஒழுங்காச் சொன்னா போதாதா?

— அந்த மெஷினுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி, ஒத்துக்கறேன். ஆனா எடையில பொய் சொல்லாது. இன்னிக்கு என்ன காட்டிச்சு?

— அறுபத்தெட்டு புள்ளி ரெண்டு.

— நேத்து?

— அறுபத்தெட்டு புள்ளி ரெண்டு. முந்தாநேத்து புள்ளி மூணு. நம்பர் கொஞ்ச நேரம் மேலயும் கீழயும் ஓடும், அப்புறம் அதே இடத்துல வந்து குந்திக்கும். மூணு வாரமா இதே பாட்டு.

— கேளுங்க அக்கா, நம்ம கடைக்கு வர்றவங்க எல்லாம், தினம் ஒண்ணு காட்டுதுன்னுதான் சண்டைக்கு வருவாங்க. ஒரே மாதிரி காட்டுதுன்னு சண்டைக்கு வந்த மொத ஆளு நீங்கதான்.

— சிரிக்காதீங்க தம்பி, எனக்கு வயிறு எரியுது. எங்க வீட்டுக்காரருக்கு இதயம் பலவீனம். உடம்புல தண்ணி தேங்கிடும். தினம் காலையில எடை பாரு, மூணு நாளுக்குள்ள ரெண்டு கிலோ ஏறினா யோசிக்காம கூட்டிட்டு வான்னு டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினாங்க. அவரு உசுரே இந்த நம்பர்லதான் இருக்கு.

— அதான் ஏறலியே! நல்ல சேதிதானே?

— அப்ப செருப்பு ஏன் நுழைய மாட்டேங்குது? கணுக்கால்ல விரலை அழுத்தினா குழி அப்படியே நிக்குது. மூணு தலகாணி வெச்சு உக்காந்துக்கிட்டே தூங்கறாரு. காலு ஒண்ணு சொல்லுது, மெஷின் ஒண்ணு சொல்லுது. நான் யாரை நம்பறது?

— காலை நம்புங்க. நேரா டாக்டர்கிட்ட போகவேண்டியதுதானே?

— நான் கெஞ்சலியா? டாக்டரே எடையைத்தானே பாக்கச் சொன்னாங்க, எடை ஏறல, எதுக்கு வரணும்னு சட்டம் பேசறாரு. உங்க மெஷின் அவரு பக்கம் சாட்சி சொல்லுது!

— சரி, சாட்சியை விசாரிச்சுடுவோம். பேட்டரி?

— புதுசு.

— மிதியடி மேல கிதியடி மேல வெச்சீங்களா?

— வெறும் டைல்ஸ் மேல. ஆட்டம் அசைவு கிடையாது. நீங்க பாடம் நடத்தின மாதிரியே, எந்திரிச்சு, பாத்ரூம் போயிட்டு வந்து, வாயில பச்சத்தண்ணி படறதுக்கு முன்னாடி, அதே துணியோட.

— இதோ பாருங்க, இருபது கிலோ எடைக்கல்லு. முத்திரை குத்தினது. நடுவுல வெக்கறேன், படிங்க.

— இருபது.

— எடுத்துட்டு மறுபடி வெக்கறேன்.

— இருபது.

— இப்ப மூலையில.

— இருபது புள்ளி ஒண்ணு.

— மூலையில வெச்சா கொஞ்சம் முறுக்கிக்கும். அதான் நடுவுல நிக்கச் சொல்றது. ஒரு மெஷினை வாங்கறதுக்கு முன்னாடி பாக்கவேண்டியது இதுதான் அக்கா. ஒரே கேள்வியை மூணு தடவை கேட்டா மூணு தடவையும் ஒரே பதில் சொல்லணும். சொல்லுது. வீட்ல நீங்க ஏறிப் பாத்தீங்களா?

— நான் எதுக்கு? எனக்கென்ன வந்துச்சு, கல்லு மாதிரி இருக்கேன். அதுக்கெல்லாம் எனக்கு நேரமா இருக்கு?

— அப்ப நானே ஏறறேன்.

— எம்பத்தாறு புள்ளி நாலு.

— சத்தமாப் படிக்காதீங்க, என் சம்சாரம் உள்ள இருக்கா. நேத்து குடோன் தராசுலயும் இதேதான். மெஷின் சுத்தம் அக்கா. வீட்ல நம்பரை யாரு படிக்கிறது?

— நான்தான். நின்ன இடத்துலேருந்து அவருக்கு நம்பர் தெரியாதாம். நான் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, தரையில உக்காந்து பாத்துச் சொல்லுவேன்.

— மெஷின் எங்க கிடக்கு?

— வாஷ்பேசினை ஒட்டி. அவருதான் இடம் பாத்து வெச்சாரு. எடை விஷயத்துல நான் எதிர்த்துப் பேசமாட்டேன் தம்பி. முப்பது வருஷம் லாரி எடைமேடையில வேலை பாத்தவராச்சே.

— என்னது? லாரியை ஏத்தி நிறுத்தி, இத்தனை டன்னுன்னு சீட்டு குடுப்பாங்களே, அந்த எடைமேடையிலயா?

— ஆமா.

— அடடா! இதை மொத நாளே சொல்லியிருந்தா நான் மெஷினே வித்திருக்க மாட்டேனே! ஆளு எங்க?

— வெளிய வண்டியில. மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல, போய் மானத்தை வாங்காதேன்னு வழியெல்லாம் தொணதொணப்பு.

— ஐயா! ஐயா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க. பாத்து, படி இருக்கு.

— என்ன தம்பி... மெஷின் சரியாத்தான் இருக்கு. இவளுக்குத்தான் ஓவர்லோடு சந்தேகம்.

— தொழில்காரர் சொன்னா சரிதான் ஐயா. கடைக்கு நடுவுல வெச்சிருக்கேன். பக்கத்துல செவுரும் கிடையாது, பேசினும் கிடையாது. ஏறுங்க.

— மூச்சு வாங்குது. இன்னொரு நாள் பாக்கலாம்.

— ஏங்க, ஏறுங்கன்னா ஏறுங்க!

— அக்கா, நம்பரை நான் பாத்துக்கறேன். நீங்க அவரு கையைப் பாருங்க.

— கையில என்ன... ஏங்க, என் தோளை எதுக்கு இப்படி அழுத்தறீங்க?

— விழுந்துடுவேன்னுதான்...

— விழ மாட்டீங்க, நான் இருக்கேன். விடுங்க. விடுங்கங்கறேன்!

— எழுபத்திரெண்டு புள்ளி ஒண்ணு.

— ஐயோ, நாலு கிலோ!

— லாரியோட ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளிய நிறுத்தி எடையைக் குறைச்சுக் காட்டற வித்தை அக்கா. எங்கப்பா மண்டிக்கு வந்த டிரைவருங்க அதைக் கரைச்சுக் குடிச்சவங்க. ஐயா தினமும் பேசின் மேல ஒரு கையை ஊனியிருக்காரு. முப்பது வருஷக் கையாச்சே, கிராம் சுத்தமா அழுத்தியிருக்காரு. நம்பர் அவருக்கு நல்லாவே தெரியும்.

— அடப் பாவி மனுஷா! மூணு மெஷினைத் தூக்கிக்கிட்டு வெயில்ல நாயா அலைஞ்சேன். இந்தத் தம்பிகிட்ட வாய் கிழியச் சண்டை போட்டேன். நீங்க வண்டியில உக்காந்து வேடிக்கை பாத்தீங்க! ஏங்க இப்படிப் பண்ணீங்க? ஊசிக்குப் பயமா?

— ஊசிக்கு இல்ல.

— பின்ன?

— திரும்பவும் ஆஸ்பத்திரியில படுக்க வெச்சுடுவாங்க.

— வெக்கட்டுமே! நான் கூட இருந்து பாத்துக்க மாட்டேனா?

— இருப்பே. அதான். சரி, வரேன். இப்பவே போவோம், வண்டி நிக்குது. அதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை ஏறு.

— தம்பி, பேச்சை மாத்தறாரு பாருங்க.

— சட்டுனு ஏறிடுங்க அக்கா. அவரை நிக்க வெச்சுப் பேசறது நல்லதில்ல.

— இந்தாங்க, ஏறிட்டேன். போதுமா?

— பையைக் கீழ வை. என் தோள்லேருந்து கையை எடு.

— எடுத்தாச்சு, எடுத்தாச்சு.

— படிங்க தம்பி.

— நாப்பத்தொண்ணு புள்ளி... அக்கா, அசையாம நில்லுங்க. நாப்பத்தொண்ணு புள்ளி ஒண்ணு.

— மொத தடவை என்னைச் சேக்கறப்போ நர்ஸம்மா விளையாட்டுக்கு இவளையும் ஏத்தினாங்க. அம்பத்திரெண்டு. ஆறு மாசத்துல ரெண்டு தடவை படுத்தேன், ரெண்டு தடவையும் என் கட்டிலுக்குக் கீழ தரையில கெடந்தா. நான் மிச்சம் வெச்சதுதான் இவளுக்குச் சாப்பாடு. வளையல் முழங்கை வரைக்கும் ஓடுது, பாருங்க. என் செருப்பு நுழையாதது மட்டும் இவ கண்ணுக்குத் தெரியுது. மூணு மெஷின் வாங்கினா தம்பி, ஒண்ணுலகூட இவ ஏறல.

— தம்பி... இந்த மெஷின் சரியில்ல. வேற குடுங்க.