எந்த முகத்தை மாட்டப் போறீங்க?

நடு நாற்காலியில் வீற்றிருக்கும் தலைவரய்யா சென்னகிருஷ்ணன் அவர்களுக்கும், முன்வரிசைப் பெரியவர்களுக்கும், மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும், வெள்ளைச் சேலைக்காரி மேடையேறலாமா என்று வாசலில் முணுமுணுத்தவர்களுக்குங்கூட இந்த ரங்கம்மாள் கும்பிடுங்க. மூணாங் கிளாஸோட நின்னவ நான். பிழையிருந்தால் பொறுத்துக்குங்க.

போன மாசம் நொய்யல் வெள்ளத்திலே பஸ் சிக்கினபோது, எங்க ஊட்டுக்காரர் ஒம்பது பேரைத் தூக்கிவந்து கரை சேர்த்தார். பத்தாவது ஆளுக்காக இறங்கினவர் திரும்பலைங்க. அவர் படத்தை இந்த வாசகசாலையில் திறந்துவைக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கீங்க.

அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. ஏழு வயசு மகள் முத்தாத்தாள் பார்த்துப்போட்டு, "அம்மா, இந்தத் துரை ஆரு?" என்றாள்.

அவர் கருப்பு எப்பேர்ப்பட்ட கருப்பு! உழுத கரிசலின் கருப்பு, மழைக்கு முந்தின மேகத்தின் கருப்பு! அது எங்கே போச்சு? போட்டோக்கடை கோவிந்தராஜுலுகிட்டக் கேட்டேன்.

"எல்லாருக்கும் பூசுற பூச்சுத்தான் அம்மணி. பத்திரிகைக்குப் போற முகம் வெளுப்பா இருந்தாத்தானுங்க மருவாதி" என்றார்.

சிரிக்காதீங்க சாமி! உங்க ஊட்டுச் செவுத்திலயும் அவர் வெளுத்துக் கொடுத்த உங்க முகந்தான் தொங்குது.

அதே பத்திரிகையைப் புரட்டினேன். பின்பக்கம் ஒரு திருடன் படம். அவனுக்குப் பூச்சே இல்லை! டாக்கி சினிமாவிலும் அப்படித்தானே? ராசாவுக்கு மாவு, ராட்சசனுக்குக் கரி. ஒரே மை ஒருத்தரைத் துரையாக்குது, ஒருத்தரைத் திருடனாக்குது. எத்தனை பெரிய சக்திங்க அது! மலைச்சுப் போனேன். பயந்தும் போனேன். முத்தாத்தாளுக்கு அப்பன் நிறம். "வெளுத்தவங்கதான் ஆத்துல குதிப்பாங்களாம்மா?" என்று கேட்டாளே!

மறுபடி கடைக்கு ஓடினேன். எங்க ஊட்டுக்காரரைப் படம் பிடிச்ச, பூச்சுப் பூசாத கண்ணாடித் தகட்டை எடுத்தார் கோவிந்தராஜுலு. இருட்டறை, சிவப்பு விளக்கு. வெறுந்தாளை மருந்துத் தண்ணியில் போட்டார். கண் வந்தது. மூக்கு வந்தது. அப்புறம் கருப்பு வந்ததுங்க, கருப்பு! ஆத்துத் தண்ணி கொண்டுபோனவரை அந்தத் தட்டுத் தண்ணி எழுப்பிக் கொடுத்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

இந்தத் திரைக்குப் பின்னால் வெளுத்த படம். என் கையில் கருத்த படம். ஊரறிஞ்ச முகம் வெளுத்ததுதான் என்கிறாங்க வாசகசாலைக் கமிட்டியார். ஊரா அறிஞ்சது? பத்திரிகையல்லவா அறிஞ்சது! கரையேறின ஒம்பது பேரும் எந்திரிச்சு நில்லுங்க. உங்களைத் தூக்கின கை என்ன நிறம்?

கேட்டுதுங்க, யாகூப் பாய்! "கருப்புத்தான் அம்மணி, அந்தக் கையிலதான் எம் உசுரு இருந்துது" என்றீங்க. இன்னும் உரக்கச் சொல்லுங்க, கமிட்டியார் காதிலும் விழட்டும்!

தலைவரய்யாவே எந்திரிச்சுட்டார். கருத்த படத்துக்குக் கை நீட்டறார். இந்தாங்கய்யா. புருசன் பேரைச் சொல்லக் கூடாதும்பாங்க, இன்னைக்குச் சொல்லிப்போடறேன். இவர்தானுங்க செங்கோடன்!

இருந்து கேட்ட அத்தனை பேருக்கும் நன்றிங்க. கும்பிட்டுக்கறேன்.