ஆமைப்பூட்டு

இல்லைத் தம்பி, பற்றறி இல்லை. பற்றறி நிறைஞ்சு போய்க் கிடக்கு. வயர் கொழுவினபடிதானே நிக்குது, அந்தா சுவரிலை பச்சை லைற் எரியுது பாரும். எல்லாரும் முதல் அதைத்தான் கேக்கிறாங்கள். கொழும்புக்குப் போன் எடுத்தாலும் பற்றறியோ சேர், பற்றறியோ சேர். பற்றறி வடிவா இருக்கு, கார் வடிவா இருக்கு, கதவு மட்டும் திறக்காது. எனக்குத் திறக்காது.

கேற்றடியிலை உம்மைக் கனநேரம் நிக்க வைச்சதுக்குக் கோவிக்காதையும். டினேஸ் எண்டு ஒரு பொடியன் குருநகரிலை இருக்கிறான், உந்தக் கரண்டுக் காருகளின்ரை வருத்தமெல்லாம் அவனுக்குத் தெரியுமெண்டு சொல்லிச்சினம், நானும் விடியத்தொடக்கம் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். நீர் வந்து நிக்கேக்கைதான் பூட்டின்ரை திறப்பைக் காணேல்லை. அது கிணத்தடி மோட்டர்க் கொட்டிலுக்குப் போடுற ஆமைப்பூட்டு. இப்ப கேற்றுக்குப் போட்டிருக்கிறன். பட்டப்பகலிலையும் பூட்டுறதோ எண்டு கேளாதையும், அதுக்குக் காரணம் இருக்கு.

முதல் இதைப் பாரும். கைபிடி எங்கை? தடவிப் பாரும். இல்லை. உள்ளுக்கை இழுத்து வைச்சுக்கொண்டிருக்கு. நான் ஓடின பழைய ஏ-போட்டிக் காரிலை ஒரு கைபிடி இருந்தது, ஒரு ஓட்டை இருந்தது, திறப்பை விட்டுத் திருப்பினால் கடக்கெண்டு திறக்கும். திறப்புத் துலைஞ்சால் கம்பியாலை திறக்கும். இதுக்குக் கம்பி விட இடமில்லை. ஆசுப்பத்திரி மாதிரி வெள்ளையா, வழுவழுவெண்டு, கோதாரி விழுந்த கார்.

காட்டோ? இருக்கு, இந்தாரும். பாங்க் காட் மாதிரி ஒண்டு தந்தவங்கள். ரண்டு கதவுக்கும் நடுவிலை இருக்கிற இந்தக் கம்பத்திலை தேய்க்கட்டாம். தேயும், நீரும் தேயும். நான் தேய்ச்சுத் தேய்ச்சு எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு. மாசி மாசம் ஒருநாள் இரவிரவா என்னவோ அப்டேற் எண்டு புதுசா இறக்கித் தனக்குள்ளை ஏத்தினதாம். ஆரைக் கேட்டு ஏத்தினது? விடிஞ்சால் என்ரை காட்டையும் தெரியாது, என்ரை போனையும் தெரியாது. சொந்தக்காரர் தன்ரை போனிலை ஒருக்கா ஓம் எண்டு அமத்தினால்தான் இனி மற்றாக்களுக்குத் திறக்குமாம்.

சொந்தக்காரர் நான் இல்லை. பத்மாசினி. என்ரை மனிசி.

நோர்வேயிலை இருக்கிற மகள் வித்தியாதான் எடுத்துத் தந்தவள். அப்பாவுக்கு முழங்கால் ஏலாது, அம்மாவை இனியும் மோட்டச்சைக்கிளிலை வைச்சு இழுக்க வேண்டாமெண்டு. நல்ல பிள்ளைதான், குறை சொல்லேல்லை. ஆனால் அவள் செய்த வேலையைப் பாரும். காரைத் தாயின்ரை பேரிலை எழுதி, எல்லாத்தையும் தாயின்ரை போனுக்கை போட்டிட்டாள். ஏன் பிள்ளை, ஓடப்போறது நானெல்லோ எண்டு கேட்டன். அப்பான்ரை பேரிலை இருந்தால் அம்மா ஒவ்வொருக்காவும் கேட்டுக் கேட்டெல்லோ ஏறவேணும் எண்டாள். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவள். எனக்கு அது சுட்டது.

கார் ஓடத் தெரியாத மனிசிக்குக் கார். ஓடத் தெரிஞ்சவன் ஆரெண்டு நினைக்கிறீர்? கெஸ்ற். அந்தத் திரையிலை என்ரை பேர் இல்லை, கெஸ்ற் எண்டுதான் விழும். மானிப்பாய்க்கும் கோப்பாய்க்கும் ஓடி ஓடித் தேய்ஞ்ச தியாகலிங்கம், தன்ரை வீட்டுக் காரிலை விருந்தாளி. ரண்டு பேரும் ஏறினால் சீற்று அவவின்ரை அளவுக்கு முன்னாலை வரும், என்ரை முழங்கால் போய் இடிபடும். உள்ளுக்கை ஒரு பெட்டை இருந்து சொல்லுவாள், வெல்கம் பட்மசீனி. பேரைக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியாது. எனக்கு ஒரு வெல்கமும் இல்லை. நான் கொஞ்சம் வெளியிலை பாத்தால் மணி அடிப்பாள். கண் றோட்டிலை இல்லையாம். என்ரை கண் எங்கை இருக்கவேணுமெண்டு அவள் சொல்லுறாள்.

தேத்தண்ணியைக் குடியும், ஆறுது. சீனி கூடிப்போச்சோ? நான் போட்டது, அப்பிடித்தான் இருக்கும்.

இதைக் கேளும். தைப்பூசத்துக்குக் கோயிலுக்குப் போனம். சேட்டைக் கழட்டிக் காருக்கை வைச்சிட்டு வேட்டியோடை உள்ளுக்கை போனன். போன் சேட்டுப் பொக்கற்றிலை, காட்டும் அதுக்கை. கும்பிட்டுப்போட்டு வாறன், கார் பூட்டிக் கிடக்கு. என்ரை சேட்டு உள்ளுக்கை இருந்து என்னைப் பாக்குது. வெறும் மேலோடை, சந்தனமும் பூசிக்கொண்டு, கொளுத்திற வெய்யிலிலை நான் அந்தக் கோயில் வீதியிலை நிண்ட நிலை. மனிசி பிந்தித்தான் வந்தவ, அருச்சனைத் தட்டோடை. கிட்ட வரவே லைற் எரியுது, கைபிடி வெளியாலை வருது, கார் பல்லை இளிக்குது. அவவும் சிரிச்சுப்போட்டா. சும்மா சிரிக்கேல்லை, தட்டை நிலத்திலை வைச்சிட்டு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சவ. அண்டைக்கு முழுக்க நான் அவவோடை கதைக்கேல்லை.

அது சரி தம்பி, ஒரு கதைக்குக் கேக்கிறன், அந்தப் போன் எவ்வளவு கிட்ட வந்தால் இது கண்டுபிடிக்கும்? கதவடிக்கு வரவேணுமோ, இல்லாட்டிக் கொஞ்சம் தள்ளி நிண்டாலும் காணுமோ? சரி சரி, முதல் உம்மடை லப்ரொப்பைக் கொழுவும். பேந்து சொல்லும்.

கொம்பனிக்கு எத்தினை தரம் எடுத்திட்டன். சிங்களமெண்டால் ஒண்டை அமத்து, இங்கிலீசெண்டால் ரண்டை அமத்து, தமிழெண்டால் மூண்டு. மூண்டை அமத்தினால் பாட்டுப் போடுவாங்கள். பாட்டு முடிய ஒருத்தன் வந்து கேப்பான், சேர், நீங்கள்தான் பதிஞ்ச ஆளோ? இல்லையடா, நான் புருசன். அப்ப அவவையே எடுக்கச் சொல்லுங்கோ சேர். கலியாணம் கட்டி எத்தினை வருசத்துக்குப் பிறகு, எவனோ ஒருத்தனுக்கு நான் புருசனெண்டு அத்தாட்சி சொல்ல வேண்டிக் கிடக்கு.

மனிசி இப்ப எங்கையோ? தெல்லிப்பழையிலை, தமக்கை வீட்டை. சும்மா நிக்கப் போனவ.

அமத்தச் சொல்லி ஒரு கோல் எடுத்தால் முடிஞ்சுதெண்டோ? நீரும் வித்தியா மாதிரியே கதைக்கிறீர். அப்பா, அம்மாட்டை ஒருக்காக் கேளுங்கோ, ஒரு அமத்து, அவ்வளவுதான் எண்டு அவளும் ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவிலை வந்து சொல்லுறாள். எனக்கு உது தெரியாதே? தெரிஞ்சுகொண்டுதான் உம்மைக் கூப்பிட்டனான். கேக்காமல் திறக்க ஒரு வழி இருந்தால் பாரும். இல்லாட்டி விடும்.

நான் என்ன பெரிசாச் சொன்னனான்? நீரே கேட்டுப்போட்டுச் சொல்லும். கந்தோரிலை என்னோடை வேலை செய்த தம்பிராசாவின்ரை மகனுக்குக் கலியாணம். அண்டைக்கு விடியப்புறம்தான் இது அந்தப் புதுசை ஏத்தினது. எனக்கெங்கை தெரியும்? மனிசி பக்கத்திலை வந்தவ, அவவின்ரை போன் கைப்பையுக்கை, கார் திறந்தது, ஓடினது, நான் என்ரை கெட்டித்தனமெண்டு நினைச்சுக்கொண்டு போனன். மண்டபத்திலை பழைய கூட்டாளியளெல்லாம் நிக்கினம். வாங்கோடாப்பா, காரைக் காட்டுறன் எண்டு சந்தோசப் புளுகத்தோடை கூட்டிக்கொண்டு வெளியாலை வந்தன். போனைக் காட்டுறன், திறக்கேல்லை. காட்டைத் தேய்க்கிறன், திறக்கேல்லை. ஒருத்தன் கேக்கிறான், தியாகு, உன்ரை கார்தானோ?

எனக்கு விசர் வந்திட்டுது. உள்ளுக்கை போனன். அவ பந்தியிலை இருக்கிறா, அப்பதான் சோறு போட்டவங்கள். எழும்படி எண்டன். சாப்பிட்டிட்டு வாறன் எண்டா. எழும்பெண்டெல்லோ சொல்லுறன் எண்டு கொஞ்சம் பிலத்துச் சொல்லிப்போட்டன். பந்தி முழுக்கத் திரும்பிப் பாத்தது. அவ எழும்பி வந்தவ, கையிலை பருப்பும் சோறும், கழுவ விடேல்லை நான். வந்து காருக்குக் கிட்ட நிண்டா. நிண்டது மட்டும்தான். லைற் எரியுது, கைபிடி வருது, கதவைத் திறந்தால் அந்தப் பெட்டை வெல்கம் பட்மசீனி. தம்பிராசா சொல்லுறான், முதலாளியம்மா வந்தால்தான் திறக்கும்போலை. எல்லாரும் கொல்லெண்டு சிரிச்சாங்கள்.

அவங்கள் சிரிக்க எனக்கும் வாய் சும்மா இருக்கேல்லை. உவவுக்கு என்ன தெரியும், ஒரு போனைக் காவிக்கொண்டு திரியத் தெரியும், அதைவிட இந்த ஆயுசுக்கு ஒண்டும் தெரியாது எண்டன். பகிடிக்குத்தான் சொன்னனான்.

உமக்குச் சிரிப்பு வரேல்லை என்ன? அங்கையும் ஒருத்தரும் சிரிக்கேல்லை.

அவ அந்தக் கையைச் சேலையிலை படாமல் தள்ளிப் பிடிச்சுக்கொண்டு வீடு வரைக்கும் வந்தவ. விடியப் பாத்தால் என்ரை உடுப்பெல்லாம் மடிச்சு வைச்சிருக்கு, சோறு கறி காய்ச்சி வைச்சிருக்கு, ஆள் பஸ் ஏறிப் போட்டா. வீட்டிலை கார் நிக்குது, அவ பஸ்ஸிலை போறா. நான் கேக்கேல்லை, அவவும் வரேல்லை. சிவராத்திரியும் போச்சு, பங்குனித் திங்களும் முடியப்போகுது.

தூசில்லாமல் நிக்குதெண்டு பாக்கிறீரோ? நான்தான் துடைக்கிறனான். மாமரம் கொட்டுது, துடைக்காமல் விட ஏலுமே?

இப்ப பூட்டின்ரை காரணத்தைச் சொல்லுறன். போன ஞாயிறு வித்தியா சொன்னாள், அப்பா, அம்மா கார் ஓடப் பழகுறா எண்டு. தெல்லிப்பழையிலை ஆரோ ஒரு பொம்பிளைப்பிள்ளை பழக்குதாம். அறுவது வயசு வரப்போகுது, எல் போட்டைக் கட்டிக்கொண்டு திரியிறா. இஞ்சை இருக்கேக்கை ஒருக்கா ஆசைப்பட்டுக் கேட்டவ, நான் இருக்கேக்கை உமக்கு ஏனப்பா எண்டு சொல்லிப்போட்டன். வித்தியா சொன்னதைக் கேட்டோடனைதான் எனக்கு யோசினை ஓடிச்சுது. கார் அவவின்ரை பேரிலை, திறக்கிறதும் அவவுக்கு, இனி ஓடவும் தெரியும். ஒருநாளைக்கு வந்து எடுத்துக்கொண்டு போனால் நான் ஆரைக் கேக்கிறது? கேற்றுக்கு ஒருநாளும் பூட்டுப் போடாத வீடு இது. கிணத்தடிக்குப் போய் ஆமைப்பூட்டைக் கழட்டிக்கொண்டு வந்து போட்டன். உந்தப் பூட்டு ஒரு போனுக்கும் திறக்காது.

என்ன சொல்லுறீர்? பழுது ஒண்டும் இல்லையோ? எல்லாம் சரியா வேலை செய்யுதோ?

அப்ப நேற்றுப் பொழுதுபட்டு மைம்மலுக்கை நடந்தது என்ன? அதைத்தான் நான் முதலே கேக்க நினைச்சனான். நான் விறாந்தையிலை இருக்கிறன். பாத்தால் கார் லைற் எரியுது. கைபிடி நாலும் வெளியாலை வருது. வளவுக்கை ஒரு குருவியும் இல்லை. பழுதாக்கும் எண்டு இருந்த இடத்திலையே இருந்து அதைப் பேசினன், உனக்கென்ன பேயே பிடிச்சதெண்டு. எங்கடை வீட்டு நாயும் அப்பிடித்தான், அந்நியர் வந்தால் குரைக்கவெல்லோ வேணும். குரைக்கேல்லை. வாலை ஆட்டிக்கொண்டு கேற்றடிக்கு ஓடி அங்கை நிண்டு முனகுது. அதையும் பேசினன். பிறகு பூட்டு ஒருக்காக் கிணுக்கெண்டது, காத்தெண்டு நினைச்சன். கொஞ்சத்தாலை லைற் நூந்து போச்சு. கைபிடி உள்ளுக்கை போட்டுது.

தெல்லிப்பழையிலை இருந்துகொண்டே போனாலை திறக்கலாம்தானே? அப்பிடித்தான் நடந்திருக்கும், என்ன? என்னைப் பேய்க்காட்ட அங்கையிருந்து அமத்தியிருப்பா.

என்ன கேட்டனீர்? பக்கக் கண்ணாடியோ? ஓம், விரிஞ்சது. ரண்டும் விரிஞ்சது, மாட்டின்ரை காது மாதிரி. ஏன், அதிலை என்ன இருக்கு?

தூர இருந்து அமத்தினால் கண்ணாடி விரியாதோ? வடிவாத் தெரியுமே உமக்கு? பூட்டு மட்டும் விடும், கண்ணாடி மடிஞ்சபடி நிக்கும். கண்ணாடி விரிஞ்சு கைபிடியும் வந்ததெண்டால் போன் கிட்ட வந்தது. எவ்வளவு கிட்ட? இஞ்சையிருந்து அந்தக் கேற்று மட்டும் வருமோ?

ஓ.

அப்ப கேற்றடியிலைதான் நிண்டிருக்கிறா.

பொறும் தம்பி, கொஞ்சம் இருக்கிறன். முழங்கால் இல்லை, அது இல்லை. நான் அந்தக் கதிரையிலை இருந்து கண்டபடி பேசிக்கொண்டு இருக்கிறன், அவ அதையெல்லாம் வெளியிலை நிண்டு கேட்டிருப்பா. தன்னைப் பேசுறனெண்டும் நினைச்சிருப்பா. பூட்டைத் தூக்கிப் பாத்திருக்கிறா. தன்ரை வீட்டுக் கேற்றிலை மோட்டர்க் கொட்டில் பூட்டு. ஒரு சத்தம் வைச்சிருக்கலாம்தானே? இஞ்சாருங்கோ எண்டு ஒரு சத்தம்.

கார் எடுக்க வந்தவவோ, வீட்டை வர வந்தவவோ, எனக்குத் தெரியாது. அந்த நேரத்துக்குத் தெல்லிப்பழை பஸ்ஸிலை வந்து பெரிய றோட்டிலை இறங்கி, இந்தச் சின்ன ஒழுங்கை முழுக்க நடந்து வந்து, திரும்பி நடந்திருக்கிறா. கார் அவவைக் கண்டு கதவைத் திறந்துகொண்டு நிண்டிருக்கு, நான் பூட்டிப்போட்டு இருந்திருக்கிறன்.

லப்ரொப்பை மூடும். ஒண்டும் திருத்த வேண்டாம், இது இப்பிடியே இருக்கட்டும். எனக்குத் திறக்கவும் வேண்டாம்.

அமத்தக் கேக்கிறதோ? போனிலை ஓம் அமத்துறதைப் பற்றி நான் இனிக் கதைக்கமாட்டன். பின்னேரம் பஸ்ஸிலை போய், அண்டைக்குச் சாப்பிட்டிட்டே வந்திருக்கலாம் பத்மா எண்டு சொல்லவேணும். சொல்லுவனோ தெரியாது, போய் நிண்டால் வாயிலை வேறை என்னவும் வரும். நான் இல்லாத நேரம் அவ இஞ்சை வந்தாலும் வருவா. ஆனபடியால் நீர் எனக்கு ஒரு உதவி செய்யும். இந்தாரும் திறப்பு. போகேக்கை அந்த ஆமைப்பூட்டைக் கழட்டிப்போட்டு, கேற்றை ஆவெண்டு திறந்தபடி விட்டிட்டுப் போம்.

இல்லை, பூட்டை இஞ்சை வைக்காதையும். கிணத்தடியிலையும் கொழுவ வேண்டாம். உம்மடை பையுக்கை போட்டுக்கொண்டு போம் தம்பி, இஞ்சை கிடந்தால் கோவம் வாற நேரம் நான் திருப்பியும் பூட்டிப்போடுவன்.